தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்ட கடிதம்

 

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் காதல் கடிதம். சொன்னதுமே முன்வரிசையில் சிரிப்பு கேட்கிறது. சிரியுங்கள், தப்பே இல்லை. ஆனால் கவிஞர் எழுதிய கடிதத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. சினிமாவில் கதாநாயகன் எழுதுகிற கடிதத்தைப் பற்றியும் பேச வரவில்லை. உழவன் எழுதிய கடிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வயலில் இருந்து கரையேறி, வாய்க்காலில் கால் கழுவி, திண்ணையில் உட்கார்ந்து, தான் தாலி கட்டப்போகிற பெண்ணுக்கு ஒருவன் என்ன எழுதினான்? எப்படி எழுதினான்? எழுதியது அவள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்திருந்தால், அந்தக் காகிதம் இன்றைக்கு எங்கே இருக்கிறது?

"நம்ம பக்கத்தில் அப்படி யார் எழுதினார்கள்? நம் ஆட்கள் எழுதியதெல்லாம் நெல் கணக்கு, தண்ணீர் கணக்கு, கடன் கணக்கு" என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். நன்றாகப் படித்தவர், இந்த மண்ணில் பிறந்தவர். அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நெல் கணக்குதான் ஐயா, காதல் கடிதம். அந்தத் தண்ணீர் கணக்குதான் காதல் கடிதம். நாம்தான் அதைப் படிக்கத் தெரியாமல் இருந்துவிட்டோம்.

முதலில் உங்களை ஆற்றின் முடிவுக்கு அழைத்துப் போகிறேன். காவிரி கடலோடு கலக்கும் இடத்துக்கு, பூம்புகாருக்கு.

தமிழில் நாம் விரிவாகப் படிக்கக் கிடைக்கிற பழைய காதல் கடிதம் ஒன்று இந்த டெல்டாவில்தான் எழுதப்பட்டது. எழுதியவள் சிலப்பதிகாரத்து மாதவி. கடற்கரையில் பாட்டில் தொடங்கிய ஊடல் முற்றி, கோவலன் அவளை விட்டுப் போய்விட்டான். இளவேனில் வந்தது. மாதவி என்ன செய்தாள்? சண்பகமும் மல்லிகையும் செங்கழுநீரும் சேர்த்துக் கட்டிய மாலைக்கு நடுவே ஒரு தாழம்பூவின் வெள்ளை இதழை எடுத்து வைத்தாள். பித்திகை மொட்டை எழுத்தாணியாகப் பிடித்தாள். அதைச் செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து எழுதினாள். எண்ணிப் பாருங்கள், காகிதம் பூ, பேனா பூ, மை சிவப்பு! உலக இலக்கியத்தில் இதைவிட அழகாக அலங்கரித்த ஒரு கடிதத்தை நீங்கள் காட்டுங்கள் பார்க்கலாம்.

அந்தக் கடிதம் என்ன ஆயிற்று? தோழி வசந்தமாலை அதை எடுத்துக்கொண்டு போனாள். கோவலனைக் கூலக்கடைத் தெருவில் பார்த்தாள். நெல்லும் பயறும் விற்கிற தெரு அது. தானியக் குவியல்களுக்கு நடுவே நின்றுகொண்டு அந்தப் பூக்கடிதத்தை அவன் வாங்க மறுத்துவிட்டான். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

கதை அதோடு முடியவில்லை. மாதவி இரண்டாவது கடிதம் எழுதினாள். அதற்குள் கோவலன் மனைவி கண்ணகியோடு ஊரைவிட்டே போய்விட்டான். இந்த முறை பூ இல்லை, பனை ஓலை. களிமண் வைத்து ஒட்டி, தன் கூந்தலால் ஒற்றி முத்திரை போட்டாள். கோசிகன் என்பவர் அதைக் கொண்டுபோய், மதுரை போகும் வழியில் அவனைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தார். பிரிப்பதற்கு முன்னாலேயே அந்த முத்திரையில் இருந்த கூந்தல் எண்ணெயின் வாசம் யார் எழுதியது என்று அவனுக்குச் சொல்லிவிட்டது. படித்தான். தவறு அவளுடையது இல்லை, தன்னுடையது என்று உணர்ந்தான். உணர்ந்தவன் என்ன செய்தான் தெரியுமா? அதே ஓலையைக் கோசிகனிடம் திருப்பிக் கொடுத்து, "இதை என் தாய் தந்தையரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்; நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதற்கும் இதுவே பொருந்தும்" என்ற கருத்தில் சொல்லி அனுப்பினான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். முதல் கடிதம் ஒருவனுக்காக மட்டும் எழுதியது. வேறு யாரும் படிக்க முடியாத கடிதம். அது வாங்கப்படவே இல்லை. இரண்டாவது கடிதம், வயதான மாமனார் மாமியார் படித்தாலும் பொருந்துகிற கடிதம். அதுதான் போய்ச் சேர்ந்தது, அதுதான் அவன் மனத்தை மாற்றியது. இளங்கோ இதை நினைத்துத்தான் அமைத்தாரா என்று புலவர்கள் வாதிடட்டும். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இந்த டெல்டாவில் ஆணும் பெண்ணும் அதன் பிறகு எழுதிக்கொண்ட கடிதங்களெல்லாம் அந்த இரண்டாவது ஓலையின் வழியில் வந்தவை. வீடே படிக்கும் என்று தெரிந்து எழுதிய கடிதங்கள். வீட்டுக்கு ஒரு செய்தியும் அவளுக்கு ஒரு செய்தியும் ஒரே வரியில் வைத்து எழுதிய கடிதங்கள்.

வீடே படிக்கும் என்றேன். சில வீடுகளில் கடிதம் அவள் கண்ணிலேயே படாது. அதற்குக் கும்பகோணம் போக வேண்டும்.

கணித மேதை ராமானுஜனை உங்களுக்குத் தெரியும். சாரங்கபாணி சன்னிதித் தெரு வீட்டையும் உங்களில் பலர் போய்ப் பார்த்திருப்பீர்கள். 1909 ஜூலையில் அவருக்குக் கல்யாணம். பெண் ஜானகி, குளித்தலைக்குப் பக்கத்தில் ராஜேந்திரம் என்ற ஊர்; அதுவும் காவிரிக்கரைதான். அன்றைய வழக்கப்படி அவள் சிறுமி. 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பலேறி இங்கிலாந்து போனார். 1919-இல் நோயாளியாகத் திரும்பி வந்தார். இடையில் ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் அவர் மனைவிக்கு எழுதினார், மனைவி அவருக்கு எழுதினாள். ஆனால் அவர் எழுதியது அவளுக்குக் கிடைக்கவில்லை, அவள் எழுதியது அவருக்குப் போகவில்லை. மாமியார் கோமளத்தம்மாள் இடையில் நின்று கடிதங்களை நிறுத்திவிட்டார் என்பது பின்னால்தான் வெளியே வந்தது. அவர் தனக்கு எழுதவில்லை என்று இவள் நினைத்தாள். இவள் தன்னை மறந்துவிட்டாள் என்று அவர் நினைத்தார். குளிர் நாட்டில் உடம்பு கெட்டு, மருத்துவமனையில் கிடந்த மனிதர் அவர். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் அவர் கண்ணை மூடினார். ஜானகியம்மாள் 1994 வரை இருந்தார். தையல் வேலை செய்து பிழைத்தார்.

அந்தத் தாயை வைவதற்காக இதைச் சொல்லவில்லை. மகனைத் தன் உயிராக நினைத்த தாய் அவர். ஒரு கூட்டுக் குடும்பத்தில் கடிதம் எந்த வழியாகப் போய் எந்தக் கையில் விழும் என்பதை நீங்கள் உணர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். உலகமே வியந்த மூளை எழுதிய கடிதத்துக்கே இந்தக் கதி என்றால், நாலு மா நிலம் வைத்திருந்த ஒரு சாதாரண விவசாயி தான் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு எப்படி எழுதியிருப்பான்? தபால்காரர் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார். வாங்குவது தாத்தா. பிரிப்பது அப்பா. சத்தம் போட்டுப் படிப்பது, பள்ளிக்கூடம் போகிற யாரோ ஒரு பிள்ளை. கேட்பது கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும். அந்தக் கூடத்துக்கு நடுவே போகப்போகிற கடிதத்தில் அவன் என்னத்தை எழுதுவான்?

தண்ணீரைப் பற்றி எழுதினான். நாற்றைப் பற்றி எழுதினான். மாட்டைப் பற்றி எழுதினான்.

என் பெரியம்மாவின் தகரப் பெட்டியில் அப்படி ஒரு கட்டு இருந்தது. மூலையில் மஞ்சள் தடவிய கடிதம் ஒன்று மேலே, அதற்குக் கீழே நீல நிற இன்லண்டு கடிதங்கள், சில போஸ்ட் கார்டுகள், எல்லாம் சேர்த்து வாழைநாரால் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு அந்துருண்டை. 1960-களின் தொடக்கத்தில் வந்த கடிதங்கள். பெரியம்மா பிறந்த ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். மூணாறு தலைப்பு உங்களுக்குத் தெரியுமே, வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம், அதற்கு அருகில். பெரியப்பாவுடைய ஊர் முத்துப்பேட்டைப் பக்கம், அதே கோரையாற்றின் கடைமடை. அத்தை மகன்தான். ஆனியில் நிச்சயம், தையில் கல்யாணம். நம் பக்கத்தில் அதுதானே முறை? சம்பா அறுத்து, நெல் போட்டு, கையில் பணம் வந்த பிறகுதானே பந்தல்? நிச்சயத்துக்கும் தாலிக்கும் நடுவே ஒரு சம்பா வளர்ந்து முடிகிற காலம் கிடந்தது.

அந்தக் கடிதங்களில் ஒன்றுகூடப் பெரியம்மா பேருக்கு வந்ததில்லை. எல்லாமே அவருடைய அப்பா பேருக்கு. மாமா அவர்களுக்கு அநேக நமஸ்காரம் என்று ஆரம்பிக்கும். "அப்ப பெரியப்பா உங்களுக்கு எழுதவே இல்லையா?" என்று கேட்டேன். பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவங்க அப்பாவுக்குத்தான் எழுதுவாங்க. அப்பாவுக்குக் கண்ணு தெரியாது. படிக்கிறது நான்தானே? அது அவங்களுக்கும் தெரியும்."

புரிகிறதா உங்களுக்கு? மாமாவுக்கு என்று எழுதிய ஒவ்வொரு வரியும் அவள் வாயால் வெளியே வந்தது. அவன் எழுதியதை அவள் குரல் கொடுத்துப் படித்தாள், கூடத்தில் எல்லோர் முன்னாலும், தலை குனியாமல்.

அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது? பெரியம்மாவை உட்கார வைத்து, அவரையே படிக்கச் சொல்லிக் கேட்டேன். அங்கே மூணாறு தலைப்பில் தண்ணீர் வந்துவிட்டதா, கோரையாற்றில் எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று முதல் கடிதம் கேட்கிறது. இது வெறும் நலம் விசாரிப்பா? தலைமடையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் புரியாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து, கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த ஆற்றுமணலை நனைத்து நனைத்துக் கடைமடைக்குப் போய்ச் சேர நாளாகும். முதல் தண்ணீர் வந்தால்தான் வெடித்துக் கிடக்கும் மண்ணை நனைத்துச் சேறடிக்க முடியும். நாற்று விட வேண்டுமானால் விதையை முன்கூட்டியே ஊறப்போட வேண்டும், முளைகட்ட வேண்டும். சீக்கிரம் முளைகட்டித் தண்ணீர் வராவிட்டால் விதை வீண். தாமதித்தால் பருவம் வீண். தண்ணீர் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்ற சேதி கடைமடைக்காரனுக்கு உயிர்.

அந்தச் சேதியைச் சொல்கிற இடத்தில் அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண் இருந்தாள். பெரியம்மா என்ன செய்தார் தெரியுமா? ஷட்டர் தூக்கிய அன்றைக்கே, அப்பா சொல்லும் வரை காத்திராமல், அப்பா பேரில் ஒரு கார்டு எழுதித் தபாலில் போட்டுவிட்டார். தண்ணீர் போய்ச் சேருவதற்கு முன்னால் கார்டு போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வருடம் நாற்றங்காலைச் சரியான நாளில் தயார் செய்தேன், மாமாவின் கார்டு உதவியது என்று அவர் பதில் எழுதியிருக்கிறார். மாமாவின் கார்டு! எழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். நன்றியை யார் படிப்பார்கள் என்று தெரியாதா? அதுவும் தெரியும்.

அடுத்தடுத்த கடிதங்களில் சங்கதி வளர்கிறது. நடவு முடிந்தது. கூடத்துக்குச் சுண்ணாம்புத் தளம் போடுகிறார்கள். பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. "கிடாரி போட்டது அப்பாவுக்கு எதுக்கு? எனக்குத்தான். நான் போகிறபோது வீட்டில் பால் இருக்கும்னு சொல்றாங்க" என்று பெரியம்மா விளக்கம் சொன்னார். இன்னொரு கடிதத்தில் குடிதண்ணீர் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறார். கடலோரம் அல்லவா, கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. ஆனால் வீட்டுக்கு வடக்கே குளத்துத் தண்ணீர் நன்றாக இருக்கிறது, சோறு வேக அதுதான் வசதி, படித்துறையைச் சரிசெய்து வைத்திருக்கிறோம். ஆற்றுத் தண்ணீரிலேயே வளர்ந்த பெண், இங்கே வந்து உப்புத் தண்ணீரைப் பார்த்துக் கண் கலங்கிவிடக் கூடாது. வருவதற்கு முன்னாலேயே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு, அதற்கு நான் என்ன ஏற்பாடு செய்திருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். நீ நிலவு, நீ தென்றல் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், அது சுலபம். எங்கள் ஊரில் கிணறு உப்பு என்று எழுதுவதற்கு நெஞ்சில் நேர்மை வேண்டும். அந்த நேர்மையில் நான் பார்க்கிற அன்பை வேறு எந்தக் கடிதத்திலும் பார்த்ததில்லை.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும்தானா? இல்லை. உலகத்தின் மறுபக்கத்துக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன்.

அமெரிக்காவில் 1862-இல் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மேற்கே பரந்து கிடந்த புல்வெளி நிலத்தில் போய்க் குடியேறி, ஐந்து வருடம் அங்கேயே இருந்து உழுதால், 160 ஏக்கர் சொந்தம். நம் கணக்கில் 24 வேலி! அந்த நிலம் அதற்கு முன்பு யாருமில்லாத நிலம் அல்ல, அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களிடமிருந்து பறித்த நிலம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு எட்டிய தூரம் மரமே இல்லாத பூமி அது. வீடு கட்ட மரம் கிடைக்காது. புல்லும் வேரும் பின்னிய மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி, செங்கல்போல அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் யூரையா ஆப்லிங்கர். உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்தவர். 1869-இல் மேட்டி என்ற பெண்ணை மணந்தார். 1872-இல் அவளையும் குழந்தையையும் இந்தியானாவில் விட்டுவிட்டு, நிலம் பிடிப்பதற்காக நெப்ராஸ்காவுக்கு முன்னால் போனார். போனவர் எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். என்ன எழுதினார்? நிலம் எப்படி இருக்கிறது, மண் எப்படி, விலைவாசி எப்படி, அக்கம்பக்கத்தில் யார் யார், பனிப்புயல் எப்படி அடித்தது. அதற்கு நடுவே பிரிவின் ஏக்கம். நம் முத்துப்பேட்டைக்காரர் குளத்துப் படித்துறையைப் பற்றி எழுதினார் இல்லையா, அதே மனம்தான் அங்கேயும். நீ வந்து வாழப்போகிற இடம் இது, இதை நீ முன்கூட்டியே தெரிந்துகொள் என்கிற மனம். 1873-இல் மேட்டி போய்ச் சேர்ந்தாள். மண் வீட்டில் குடும்பம் நடத்தினாள். வெட்டுக்கிளி வந்து பயிரைத் தின்ற வருடத்தையும் பார்த்தாள். 1880-இல் பிரசவத்தில் இறந்துபோனாள்.

சாதாரணக் குடியானவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் குடும்பத்தின் 300-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. நெப்ராஸ்கா மாநில வரலாற்றுக் கழகம் அவற்றைப் பாதுகாக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவற்றை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் படிக்கலாம். ஒரு புல்வெளி விவசாயி தன் மனைவிக்கு எழுதியதை ஒரு நாடு தன் சரித்திரமாக நினைத்து வைத்திருக்கிறது.

நாம் என்ன செய்தோம்?

அதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் போனால் இந்த உரை பாதி உரை. நான் இதுவரை சொன்னது நிலம் வைத்திருந்தவர்களின் கடிதம். இந்த டெல்டாவில் நிலம் ஒருவரிடம் இருந்தது, சேற்றில் இறங்கியவர் வேறொருவர். நாற்று பறித்து, முடி கட்டி, குனிந்து நட்ட பெண்ணுக்கு யார் கடிதம் எழுதினார்கள்? ஏர் ஓட்டிய பண்ணையாளுக்கு எழுதப் படிக்க யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-இல்தான். அதற்கு முன் பள்ளிக்கூட வாசலை மிதிக்க முடியாத குடும்பங்கள் எத்தனை? அவர்களுக்குள் அன்பு இல்லையா? இருந்தது. காகிதம் இல்லை.

அவர்களுக்குக் காகிதம் வேறு வழியில் வந்தது. நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களை நினைத்துப் பாருங்கள். ரஜூலா கப்பலைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் நாகப்பட்டினம் பக்கத்தில் உண்டா? அங்கே தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர், எழுதத் தெரிந்த ஒருவரிடம் போய் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுத வைத்தார். இங்கே அவள் தபால்காரரை நிறுத்திப் படிக்கச் சொன்னாள். சொல்கிறவருக்கும் கேட்கிறவளுக்கும் நடுவே அந்நியர் இரண்டு பேர்! அந்த இரண்டு பேருக்கு முன்னால் எதைச் சொல்ல முடியும்?

மணியார்டர் பாரம் நினைவிருக்கிறதா? நம் தபால் துறை 1880-இலிருந்து மணியார்டர் அனுப்பத் தொடங்கியது. அந்தப் பாரத்தின் அடியில், செய்தி எழுதிக்கொள்ளக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். ஒரு விரல் நீளம், இரண்டு மூன்று வரி. பணத்தைக் கொடுத்துவிட்டு அந்தத் துண்டைக் கிழித்துத் தபால்காரர் அவளிடம் தருவார். பணம் அரிசிக் கடைக்குப் போய்விடும். துண்டு அவளிடம் இருக்கும். திருப்பூண்டிப் பக்கம் ஒரு மூதாட்டி அப்படிப்பட்ட துண்டுகளைச் சுருக்குப்பையில் மடித்து வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்தத் துண்டு எந்த வருடம் வந்தது என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும். இது அந்தப் புயல் வருடம் வந்தது, இது மூத்தவன் பிறந்தப்ப வந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மடிப்பில் நைந்து, பாதி எழுத்து அழிந்து போயிருந்தது. நான் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நாம் என்ன செய்தோம்?

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்த கடிதங்களையெல்லாம் வாசல் நிலைக்குப் பக்கத்தில் தொங்கும் ஒரு கொக்கிக் கம்பியில் குத்தி வைப்பார்கள். கம்பி நிறைந்ததும் போகிக்கு எடுத்துப் போடுவார்கள். அப்படி எரிந்தது பாதி. மீதியைப் புயல் கொண்டு போனது. 1952 நவம்பர், 1977 நவம்பர், 2018 நவம்பரில் கஜா. ஓட்டு வீட்டையே பிய்த்துக்கொண்டு போன காற்று தகரப் பெட்டியை விட்டு வைக்குமா? கூரை வீட்டில் இருந்த காகிதத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதற்கும் தப்பியதைக் கரையான் அரித்தது. கரையானுக்கும் தப்பியதை, பாட்டி இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், "இதெல்லாம் என்னத்துக்கு?" என்று பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டோம்.

இது தஞ்சாவூர். சரஸ்வதி மகால் இருக்கிற ஊர். மராட்டிய அரசர்கள் காலத்து மோடி எழுத்து ஆவணங்களை மூட்டை மூட்டையாகப் பாதுகாத்து வைத்திருக்கிற ஊர். அரண்மனையின் அன்றாடச் செலவுக் கணக்குக்கூட நமக்குக் கிடைக்கிறது. தமிழுக்கென்று 1981-இல் ஒரு பல்கலைக்கழகமே இங்கே எழுந்தது. அரசர் வாங்கிய சரக்கின் கணக்கு பத்திரமாக இருக்கிறது. அந்த அரண்மனைக்கு நெல் அளந்தவன் தன் பெண்டாட்டிக்கு என்ன சொன்னான் என்பது நமக்குத் தெரியாது. இது எனக்கு வலிக்கிறது. உங்களுக்கு வலிக்கவில்லையா?

முடியாத காரியம் ஒன்றும் இல்லை இது. கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பாருங்கள். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீசு, அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கி எறிந்ததையெல்லாம் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு, 1994-இலிருந்து அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நடக்கிறது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். தனி மனிதர் ஒருவர் தன் கைக்காசில் தொடங்கிய வேலை அது.

அவர் சேர்த்ததுபோல நாம் ஊர் ஊராகக் கடிதங்களைச் சேர்க்கலாம். யோசித்துப் பாருங்கள், ஒரு வருடத்தின் கடிதங்கள் ஐம்பது வீடுகளில் கிடைத்தால் என்ன தெரியவரும்? எந்தத் தேதியில் எந்த மதகுக்குத் தண்ணீர் வந்தது என்பது தெரியும். கடைமடைக்கு எத்தனை நாள் கழித்து வந்தது என்பது தெரியும். குறுவைக்கு ஆடுதுறை 27 நெல் ரகம் வந்தபோது வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது தெரியும். எந்த வருடம் பூச்சி, எந்த வருடம் வெள்ளம், கலம் நெல் என்ன விலை, கூலி என்ன, எந்த ஊர் எந்த ஊருக்குப் பெண் கொடுத்தது, எல்லாம் தெரியும். பொதுப்பணித் துறையின் பதிவேட்டில் இருப்பது அணையின் கணக்கு. வயலுக்கு வந்து சேர்ந்த கணக்கு அந்த நீலக் காகிதங்களில் இருக்கிறது. காதலித்தவர்கள் எழுதி வைத்த பாசன வரலாறு அது. வேறு எந்த நாட்டிலாவது இப்படி ஒரு வரலாறு இருந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது. இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகும்போது பாட்டியிடம் உட்காருங்கள். கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், கட்டைப் பிரிக்கும் முன் எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார் என்று பாருங்கள். அந்த வரிசையைக் கலைக்காதீர்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். கிழிந்த இடத்தில் பசை டேப் ஒட்டாதீர்கள், கொஞ்ச வருடத்தில் அது பழுப்பேறி எழுத்தையே தின்றுவிடும். முன்பக்கம், பின்பக்கம், முகவரிப் பக்கம், தபால் முத்திரை நான்கையும் படம் எடுங்கள். பிறகு பாட்டியையே படிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் நினைவில் இருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். கிடாரிக் கன்று யாருக்காக எழுதப்பட்டது என்பதை எந்த ஆராய்ச்சியாளரும் கண்டுபிடிக்க முடியாது. அதை அவர்தான் சொல்ல வேண்டும், அவர் இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.

ஒரு நிபந்தனை. அந்தக் கடிதம் அவருடையது. உங்கள் குடும்பத்துடையது என்று நினைக்காதீர்கள், நாட்டின் சொத்து என்று என்னைப்போல மேடையில் பேசுகிறவர்கள் சொன்னாலும் நம்பாதீர்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். வெளியே கொடுக்கலாமா என்று தனியாகக் கேளுங்கள். பேரை மறைக்கச் சொன்னால் மறையுங்கள். இந்த ஒரு கடிதம் மட்டும் வேண்டாம் என்று ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால், ஏன் என்று கேட்காதீர்கள். என் பெரியம்மாவும் ஒன்றை அப்படி எடுத்து வைத்துக்கொண்டார். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

வெளியே வாசலில் ஒரு மேசை போட்டு, பெரிய நோட்டு ஒன்றை வைத்திருக்கிறோம். வீட்டில் கடிதம் இருப்பவர்கள் மூன்றே மூன்று விவரம் எழுதினால் போதும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்தது, ஏறத்தாழ எந்த வருடம், அந்த வருடம் உங்கள் வயலுக்குத் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து வந்தது. எழுதச் சிரமப்படும் பெரியவர்களுக்கு எழுதிக் கொடுக்கப் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.